கன்னித்தீவை இன்னும் யார் படிக்கிறார்கள்?

பரண்_பெட்டி | சனி, இரவு 9.40

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுத்திருக்கிறோம். சாமான்களை ஒழிக்கும்போது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. பத்திரம் ஏதாவது இருக்கும் என்று தம்பி ஆவலாகத் திறந்தான். உள்ளே அப்பா கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்து வைத்த 18 கட்டுகள். அத்தனையும் தினத்தந்தியிலிருந்து கத்தரித்த கன்னித்தீவு படக்கதை. அப்பாவுக்கு வேலை கிடைத்த 1968இல் தொடங்கி 1985 வரை, ஆண்டுக்கு ஒரு கட்டு.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பென்சிலால் தேதியும் கிழமையும் எழுதியிருக்கிறார். பொங்கல், தீபாவளிக்கு மறுநாள் பேப்பர் வராதல்லவா, அந்த நாட்களுக்கும் அதே அளவில் வெள்ளைத்தாளை வெட்டி, ‘பேப்பர் லீவு’ என்று எழுதி நடுவில் வைத்துத் தைத்திருக்கிறார். கணக்குப் பிரிவில் இருந்தவர். விடுபட்டதையும் ஏட்டில் காட்ட வேண்டும் அவருக்கு.

துண்டுகளைத் திருப்பினால் பின்பக்கம் வேறொரு சென்னை தெரிகிறது. பாதி சினிமா விளம்பரம், தங்கம் விலை, ஒரு கண்ணீர் அஞ்சலியில் மூக்குக்கு மேல் வெட்டுப்பட்ட முகம். “செத்தது யாரென்று பார்ப்பதற்குள் கத்தரித்துவிட்டீர்களே” என்று அம்மா சண்டை போட்டது காதில் கேட்கிறது.

என் பிள்ளைகள் ஐந்து நிமிடம் புரட்டினார்கள், “நல்லா இருக்குப்பா” என்று கீழே வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஓர் ஆங்கில நாளிதழும் வாங்கினோம். அதன் கடைசிப் பக்கத்து காமிக்ஸுக்காக நானும் அக்காவும் முடியைப் பிடித்துச் சண்டையிட்டிருக்கிறோம். அந்தப் பகுதி பிறகு ஒருநாள் நின்றுபோனது. நின்று எத்தனையோ மாதங்கள் கழித்துத்தான் அது இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. அடித்துக்கொண்டு படித்த ஒன்று போனது எப்படித் தெரியாமல் போயிற்று? உங்கள் வீடுகளில் எப்படி?

வண்ணாரப்பேட்டை_வாசகி | சனி, இரவு 10.25

அண்ணா, பழைய வண்ணாரப்பேட்டையில் என் அப்பா சலூன் வைத்திருந்தார். வரும் ஒரே தினத்தந்தியை அப்பா காலையிலேயே தாள் தாளாகப் பிரித்து வைத்துவிடுவார், ஆறு பேர் ஒரே நேரத்தில் படிப்பதற்கு வசதியாக. மாலையில் கூட்டி வைக்கும்போது எந்தத் தாள் அதிகம் கசங்கியிருக்கிறது, எதில் எண்ணெய்க் கை பட்டிருக்கிறது என்று பார்த்தாலே ஊர் எதைப் படிக்கிறது என்று தெரிந்துவிடும். எப்போதும் கன்னித்தீவு இருக்கும் தாள்தான்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அந்தக் கடையில். பள்ளிக்கூடப் பாடத்தில் ‘அணில்’, ‘ஆடு’ என்று வரும். நான் முதலில் முழுசாகப் படித்த சொல் ‘மூசா’, கன்னித்தீவு மந்திரவாதியின் பெயர். முகம் முழுவதும் சோப்பு நுரையோடு தலையைச் சாய்த்திருக்கும் ஆள், “பாப்பா, சிந்துபாத் என்ன ஆனான், சத்தமாகப் படி” என்பார். படித்துக் காட்டினால் பத்து பைசா கிடைக்கும். சிலர் தினமும் அந்த நேரத்துக்கே சவரத்துக்கு வருவார்கள்.

இப்போது கடை தம்பியிடம் இருக்கிறது. பேப்பர் இன்னமும் வாங்குகிறான். காத்திருப்பவர்கள் கையில் செல்போன்தான். தாள்கள் மடிப்புக் கலையாமல் மாலையில் எடைக்குப் போகின்றன. ஒரு பெரியவர் மட்டும் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணாடி போடாமலேயே பார்ப்பார். எழுத்து அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இளவரசி லைலா இருக்கிறாளா என்று பார்க்கிறார் போலும்.

லஸ்முனை | ஞாயிறு, காலை 6.15

சகோதரி எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1945 ஜூலையில் நியூயார்க்கில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்துக்குப் பேப்பர் இல்லை. மேயர் லா கார்டியா வானொலி நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து, குழந்தைகளுக்காகப் படக்கதைகளை ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினார். அவருக்குப் பத்து பைசா யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இழையைத் தொடங்கியவரிடம் ஒரு வழக்கு உண்டு. ‘நாளிதழ்ப் படக்கதையின் வீழ்ச்சி’ என்று அமெரிக்காக்காரன் அழுவதில் நியாயம் இருக்கிறது. 1895இல் ‘மஞ்சள் பையன்’ வந்த நாளிலிருந்து அங்கே பத்திரிகை விற்றதே அதை வைத்துத்தான். நம் தமிழ் நாளிதழ்களில் அப்படி ஒரு பொற்காலம் எங்கே இருந்தது? 1960இல் கன்னித்தீவு தொடங்கியது. அதற்கு இணையாகத் தினம் தொடர்ந்து, இன்றும் வந்துகொண்டிருக்கும் இன்னொன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். சிறுவர்மலரின் பலமுக மன்னன் ஜோ, உயிரைத் தேடி இரண்டுக்கும் நானும் அடிமைதான். ஆனால் அவை வாரம் ஒரு முறை வந்த இணைப்பில் வந்தவை.

நாம் நாளிதழ்ப் படக்கதைகளைப் படித்தோம், அது உண்மை. ஆனால் நாளிதழில் படிக்கவில்லை! மாண்ட்ரேக் 1934இலும், வேதாளன் என்றும் மாயாவி என்றும் நாம் அழைத்த ஃபேண்டம் 1936இலும், ரிப் கிர்பி 1946இலும் அமெரிக்கப் பத்திரிகைகளில் தினம் மூன்று நான்கு கட்டங்களாக வரத் தொடங்கியவை. மாடஸ்டி 1963இல் லண்டன் மாலைப் பத்திரிகையில் தொடங்கினாள். இவை நமக்குச் சிவகாசியிலிருந்து மாதப் புத்தகமாக வந்தன. 1984இல் லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டிதான். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு தொடங்கியது, அதுவும் லண்டன் நாளிதழில் துண்டு துண்டாக வந்த கதை. (முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர் ஆங்கில வார இதழ் ஆசாமி.)

சிறு வயதில் எனக்கு ஒரு சந்தேகம். ரிப் கிர்பி கதையில் ஒரு பாத்திரம், “அப்படியானால் அந்தக் கடிதத்தைத் திருடியது நீதானா!” என்று கத்துவான். நாலு கட்டம் தள்ளி அதையே வேறு வார்த்தையில் மறுபடி சொல்வான். எல்லோருக்கும் ஞாபக மறதியா என்று நினைப்பேன். முப்பது வயதுக்கு மேல்தான் காரணம் புரிந்தது. நேற்று பேப்பர் வாங்காதவனுக்காக ஒவ்வொரு நாளின் முதல் கட்டமும் நேற்றைய கதையைத் தொட்டுவிட்டுத்தான் நகரும். அதைப் புத்தகமாக அடுக்கும்போது அந்தத் திக்குவாயும் கூடவே வந்துவிடுகிறது.

வண்ணாரப்பேட்டை_வாசகி | ஞாயிறு, காலை 8.05

நேற்று வாங்காதவனை நினைத்து எழுதினார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்குப் பேப்பர் போட வேண்டாம் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார், காசு மிச்சம். என் கன்னித்தீவில் செவ்வாய்க்கிழமையே கிடையாது. திங்களன்று சிந்துபாத் அரக்கன் பிடியில் இருப்பான், புதனன்று படகில் போய்க்கொண்டிருப்பான். நடுவில் நடந்ததை நானே இட்டுக்கட்டித் தங்கைக்குச் சொல்லுவேன்.

ராத்திரி_டெஸ்க் | ஞாயிறு, பகல் 11.30

இருபது வருடத்துக்கு மேல் நாளிதழ் ஒன்றில் பக்க வடிவமைப்பில் இருந்தேன். பெயர் வேண்டாம். ‘ஒருநாள் நின்றுபோனது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே நாளில் நிற்கவில்லை ஐயா, நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றோம்.

நான் சேர்ந்தபோது வெளிநாட்டுப் படக்கதைகள் சில வாரங்களுக்கு உரியவை மொத்தமாகத் தபாலில் வரும். பளபளவென்ற தாளில் இருக்கும். அன்றைய துண்டை வெட்டிப் பசை தடவிப் பக்கத்தில் ஒட்டுவோம். இரவு ஏழு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து போன் வரும்: “ஆறு சென்டிமீட்டர், இரண்டு பத்தி, அவசரம்.” செய்தியை எடுத்தால் நிருபர் கத்துவார். ராசிபலனில் கை வைத்தால் மறுநாள் தொலைபேசி ஓயாது. குறுக்கெழுத்துக்காரர்கள் இன்னும் மோசம், நேரில் வருவார்கள். படக்கதைக்குக் கேட்க ஆள் இல்லை. அதைப் படிப்பவனுக்கு வயது பத்து, அவனிடம் போன் இல்லை. நாலு படக்கதையில் ஒன்றை எடுப்போம். மறுநாள் இரண்டு. மீதி இரண்டைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் வசனப் பலூனில் இருக்கும் எழுத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் ‘யாரும் படிப்பதில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதி நிறுத்தினோம்.

ஒருமுறை என் தவறால் திங்கட்கிழமைத் துண்டே செவ்வாயன்றும் வந்துவிட்டது. மொத்தம் நாலு போன். ஒன்று ஒரு சிறுவன், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினான். “அங்கிள், இன்றைக்கு உள்ளதை எனக்குப் படித்துக் காட்டுங்கள்” என்றான். படித்துக் காட்டினேன். நகைச்சுவைத் துண்டு அது. சிரிக்கவில்லை. “அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். படம் இல்லாமல் சொன்னால் எது சிரிக்கும்?

இன்னொன்று. தமிழில் மொழிபெயர்த்துப் போடலாமே என்று யோசனை பல முறை வந்தது. பலூன்தான் தடை. ஆங்கிலத்தைப் பெரிய எழுத்துகளில், எல்லாம் ஒரே உயரத்தில், வரிக்கு வரி நெருக்கி அடைத்துவிடலாம். நம் எழுத்தில் ‘கி’க்கு மேலே விசிறி, ‘மு’க்குக் கீழே வால். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் வால் கீழ் வரியின் விசிறியைக் குத்தும். ‘ஐ டோன்ட் நோ’ என்பது மூன்று சிறு துண்டு, எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். ‘எனக்குத் தெரியவில்லையே’ என்பதை எங்கே உடைப்பது? உடைத்தால் ‘தெரிய’ என்று ஒரு வரி, ‘வில்லையே’ என்று ஒரு வரி. வில்லை விற்பவன் மாதிரி இருக்கும்.

லஸ்முனை | ஞாயிறு, பகல் 12.10

முத்து காமிக்ஸ் 1972இலிருந்து தமிழில்தான் பேசுகிறது. பலூன் ஒரு சாக்கு.

ராத்திரி_டெஸ்க் | ஞாயிறு, பகல் 12.45

அவர்களிடம் ஒரு முழுப் பக்கம் இருந்தது, படத்தைப் பெரிதாக்கலாம். என்னிடம் இருந்தது தீப்பெட்டி அளவுக் கட்டம். கன்னித்தீவைக் கவனியுங்கள். தமிழுக்கென்றே வரைந்ததால் எழுத்துக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் படம். அது பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். சாக்கு என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போக வேண்டாம்.

கட்டம்_நாலு | ஞாயிறு, மாலை 4.20

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு வயது 26. பெரும்பாக்கத்தில் இருந்துகொண்டு நாலு கட்டப் படக்கதை வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். நான் சாப்பிடும் சோறு விளம்பர நிறுவன வேலையிலிருந்து வருகிறது, படக்கதையிலிருந்து அல்ல. ஆனால் ‘செத்துவிட்டது’ என்று நீங்கள் சொல்லும் சாமானை நான் வாரத்துக்கு மூன்று முறை செய்கிறேன். மின்சார ரயில் பெண்கள் பெட்டி பற்றி என் தோழி சொன்னதை வைத்து வரைந்த ஒன்றைப் பத்தாயிரம் பேருக்கு மேல் பகிர்ந்திருக்கிறார்கள். எழுத்தைக் கையால்தான் எழுதுகிறேன். டெஸ்க் ஐயா சொன்ன வால், விசிறித் தகராறு எனக்கும் உண்டு. நான் கட்டத்தைப் பெரிதாக்கிவிடுவேன், என்னைச் சுருக்கச் சொல்ல விளம்பரப் பிரிவு இல்லை.

பரண்_பெட்டி | ஞாயிறு, மாலை 5.00

தம்பி, வாழ்த்துகள். ஆனால் நீங்கள் வரைவதை என் மனைவியோ மாமியாரோ பார்க்க வழி இருக்கிறதா? கன்னித்தீவை அப்பா படித்தார், நான் படித்தேன், எங்கள் வீட்டில் பால் ஊற்றியவரும் திண்ணையில் உட்கார்ந்து படித்தார். கதை முடியாமல் இழுத்தால் ‘கன்னித்தீவு மாதிரி’ என்கிறோம். அதைப் படிக்காதவருக்கும் அது புரிகிறது. பத்தாயிரம் பேர் பகிர்ந்த ஒன்று அப்படிப் பேச்சில் ஏறுமா?

கட்டம்_நாலு | ஞாயிறு, மாலை 5.35

ஏறாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எனக்கே உறுத்தும் விஷயம் அது. என்னைப் பார்ப்பவர்கள் என்னைப் போன்றவர்கள். செயலி அப்படித்தான் ஆள் பிடித்துத் தருகிறது. ராசிபலன் பார்க்க வந்த அத்தை தற்செயலாக என் படத்தைப் பார்த்து, “இதென்ன பைத்தியக்காரத்தனம்” என்று சொல்லும் வாய்ப்பு எனக்கு இல்லை. பேப்பரில் படக்கதைக்கு இருந்த பெரிய வசதி, வேறு எதற்கோ வந்தவனின் கண்ணில் பட்டுவிடுவது. இன்னொரு தொல்லை, நாலு கட்டத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் பிடிக்காவிட்டால் ஆள் போய்விடுவார். அதனால் கடைசிக் கட்டத்தில் வைக்க வேண்டிய வெடியை முதல் கட்டத்திலேயே கொளுத்திவிடுகிறேன். அது கலைக்கு நல்லதல்ல என்று தெரியும்.

வளசரவாக்கம்_ஈழத்தவர் | ஞாயிறு, இரவு 8.15

தமிழ் நாளிதழ் என்றதும் எல்லோரும் சென்னையோடு நின்றுவிட்டீர்கள். கொழும்புத் தினகரனில் சவாரித் தம்பர் வந்தார். வரைந்தவர் சிவஞானசுந்தரம். பின்னாளில் சிரித்திரன் இதழை நடத்தியவரும் அவர்தான். தம்பர் பேசியது யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பேச்சு. எங்கள் அப்பு பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார் என்று அம்மா சொல்லுவார். அந்த ஊரைவிட்டு வரும்போது எந்தத் தாளையும் எடுத்து வர முடியவில்லை. பரண்_பெட்டி அண்ணரின் 18 கட்டுகளைப் பற்றிப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

லஸ்முனை | ஞாயிறு, இரவு 9.50

சவாரித் தம்பரை விட்டது என் தவறு. வாங்கிக்கொள்கிறேன்.

அமெரிக்க நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட உதவும். 1950இல் தொடங்கிய ‘பீனட்ஸ்’ உச்சத்தில் சுமார் 2,600 பத்திரிகைகளில் வந்தது. 2000 பிப்ரவரி 12 இரவு அதை வரைந்த ஷுல்ஸ் இறந்தார், மறுநாள் ஞாயிறன்று அவர் வரைந்த கடைசிப் பக்கம் வெளியானது. ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த வாட்டர்சன், டெஸ்க் ஐயா சொன்ன அதே சுருக்கலை எதிர்த்துப் பல ஆண்டுகள் சண்டை போட்டார். 1992இல் ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்தை வெட்டாமல் ஒட்டாமல் போட வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். 1995 டிசம்பர் 31இல் தானாகவே நிறுத்திவிட்டார். ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய குழுமத்தின் நாளிதழ்கள் 2022 செப்டம்பரில் படக்கதையை மொத்தமாக நிறுத்தின. அமெரிக்காவின் பெரிய பத்திரிகைக் குழுமங்கள் ஊருக்கு ஊர் இருந்த பட்டியலை அழித்து, எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல் என்று ஆக்கின. பீனட்ஸ் பழைய துண்டுகளோ இன்னமும் மறுபடி மறுபடி வருகின்றன. இறந்தவர் இடத்தைக் காலி செய்யாததால் இளையவர் உட்கார முடியவில்லை என்று அங்கே ஒரு புகார் உண்டு.

கட்டம்_நாலு | ஞாயிறு, இரவு 10.05

அதே புகாரைக் கன்னித்தீவு மீதும் சொல்லலாமா? அறுபது ஆண்டுக்கு மேலாக ஒரே கதைக்கு அந்த இடம்.

வண்ணாரப்பேட்டை_வாசகி | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, அந்த இடத்தைக் காலி செய்தால் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அங்கே ஆறு சென்டிமீட்டர் மனை விளம்பரம்தான் உட்காரும்.

ராத்திரி_டெஸ்க் | ஞாயிறு, இரவு 10.30

நூற்றுக்கு நூறு.

லஸ்முனை | திங்கள், காலை 6.40

ஒரு விஷயம் உறுத்துகிறது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் லயன்-முத்து கடையில் நின்று பாருங்கள். கெட்டி அட்டை, வழவழப்புத் தாள், முழு வண்ணம். நானும் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறேன். வரிசையில் என்னோடு நிற்பவர்கள் எல்லோரும் என்னைப் போல நரைத்தவர்கள். பாரதி சாலை நடைபாதையில் ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்துவிட்டு, அதே கடையில் திருப்பிக் கொடுத்துக் கால் விலை பெற்றவர்கள். இன்று புத்தகத்தை உறை பிரிக்காமல் அலமாரியில் அடுக்குகிறோம். என் அலமாரியை என் பேரன் தொடக் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன். போன மாதம் அவன் தொட்டான், நான் கத்தினேன். இந்த இழையைப் படித்த பிறகு அது நினைவுக்கு வருகிறது.

பரண்_பெட்டி | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. அலுவலகத்திலிருந்து வந்ததும் 1981ஆம் ஆண்டுக் கட்டை எடுத்து உட்கார்ந்தேன். வண்ணாரப்பேட்டைச் சகோதரிக்கு ஒரு செய்தி. அப்பா கிழமை எழுதியிருப்பதால் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் தேடிப் பார்க்க முடிகிறது. இந்த ஒரு கட்டிலேயே ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. தையலைப் பிரித்து அவற்றை மட்டும் படம் எடுத்து அனுப்பட்டுமா?

வண்ணாரப்பேட்டை_வாசகி | திங்கள், இரவு 9.25

ஐயோ, தையலைப் பிரிக்காதீர்கள் அண்ணா. உங்கள் அப்பா போட்ட முடிச்சு, மறுபடி அப்படி விழாது. கட்டைப் பார்க்க நானே வருகிறேன். தங்கையையும் அழைத்து வருவேன், நான் அவிழ்த்துவிட்ட கதைகளை எல்லாம் இன்னமும் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கும் கடைக்கும் லீவு என்பதால் நாளை வசதிப்படுமா? நாளை செவ்வாய்.

பரண்_பெட்டி | திங்கள், இரவு 9.32

வாருங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கிவிட்டுக் கூப்பிடுங்கள், நான் வண்டியோடு வருகிறேன். வீட்டில் நாற்காலி எல்லாம் போய்விட்டது, தரையில்தான் உட்கார வேண்டும்.